பன்னிரண்டு வாரப் பாசறை

'பூட்கேம்ப்' என்னும் ஆங்கிலச் சொல் படைத்துறையைச் சார்ந்தது. அமெரிக்கப் படையில் புதிதாகச் சேரும் இளைஞனை ஊரினின்றும் உறவினின்றும் பிரித்தெடுத்துச் சில வாரங்களில் போர்வீரனாக மாற்றும் பயிற்சிக் களத்திற்கு அப்பெயர் வழங்குகிறது. கணிப்பொறிக்கு நிரல் எழுதும் தொழிலைக் குறுகிய காலத்தில் கற்பித்து, வேறு தொழிலில் இருப்போரை அத்தொழிலுக்கு மாற்றிவிடுவதாகக் கூறும் பயிற்சி நிலையங்களும் இப்பெயரையே தமக்குச் சூட்டிக்கொண்டன. தமிழில் இதனைப் பாசறை எனலாம். பாசறை என்றதும் தமிழ் பயின்றோர்க்கு முல்லைப்பாட்டு நினைவில் எழும். நப்பூதனார் பாசறையை மட்டும் காட்டி அமைந்தாரல்லர். அங்குச் சென்றவனை எண்ணி வீட்டில் காத்திருப்பவளையும் உடன் காட்டினார். பாசறையைப் பற்றிப் பேசப் புகுவோர் வீட்டையும் சேர்த்தே பேசவேண்டும் என்பதற்கு அப்பாட்டு நல்லதொரு வழிகாட்டி.

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் இப்பொருள் எதற்கு என வினவுவோர் இருக்கலாம். இறுதித் தேர்வு முடியும் தறுவாயில் இளங்கலைத் தமிழும் வரலாறும் பயின்ற மாணவ மாணவியர் துறைக்கு வந்து கேட்கும் வினாக்களுள் இதுவே இன்று முதலிடம் பெறுகிறது. "ஐயா, ஆறு மாதம் கோடிங் படித்தால் வேலை கிடைக்குமாமே, சேரலாமா?" என்கின்றனர். வளைகுடா நாடுகளில் பல்லாண்டு உழைத்துத் திரும்பிய சபுராளிகள் தம் மக்களுக்காகவும், சில வேளைகளில் தமக்காகவுமே இதனைக் கேட்கின்றனர். தொகுப்பூதியத்தில் பணியாற்றும் இளம் ஆசிரியர்கள் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆயினும் அவர்தம் கைப்பேசியில் அவ்விளம்பரங்கள் ஓடுவதை ஆசிரியர் ஓய்வறையில் காணலாம். எம்.பில். பட்டத்தையே பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டு தன் நெறிமுறைகளினின்றும் நீக்கிவிட்டது. அப்பட்டத்தை நம்பிப் பத்தாண்டு செலவிட்டவர் வேறு வழி தேடுவாராயின் அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

என் கருத்தை முதற்கண் கூறிவிடுகிறேன். இத்தகைய பாசறைகளுக்கு நம் பிள்ளைகள் செல்வதில் இழுக்கில்லை. ஆனால் அவர்களைத் தனியே ஒப்பந்தத்தில் கையொப்பமிட விட்டுவிட்டு, கல்லூரியும் ஜமாஅத்தும் வாளாவிருப்பது பெருங்குறை. இதற்குக் காரணங்கள் அமெரிக்க நாட்டில் ஏற்கெனவே நடந்து முடிந்தவற்றில் உள்ளன. ஆகவே அந்நாட்டு வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

2012ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நகரில் 'டெவ் பூட்கேம்ப்' என்னும் நிலையம் தொடங்கப்பெற்றது. அதனையொட்டி நியூயார்க்கிலும் பிற நகரங்களிலும் பல நிலையங்கள் தோன்றின. கற்பிக்கும் முறை ஏறத்தாழ ஒன்றே. பன்னிரண்டு வாரம், வாரத்தில் ஐந்து அல்லது ஆறு நாள், காலை முதல் இரவு வரை பயிற்சி. வலைப்பக்கம் அமைக்கும் மொழிகள், ஜாவாஸ்கிரிப்ட், தரவுத்தளம், பலர் சேர்ந்து எழுதும் நிரலின் படிகளைப் பேணும் 'கிட்' என்னும் கருவி ஆகியவை பாடங்கள். இருவர் ஒரே திரையின் முன் அமர்ந்து, ஒருவர் எழுத மற்றவர் பிழை நோக்குவர். இறுதியில் மாணவர் தாமே ஒரு செயலியைச் செய்து காட்டவேண்டும். கட்டணம் பெரும்பாலும் 10,000 டாலருக்கும் 20,000 டாலருக்கும் இடைப்பட்டது. நான்காண்டுப் பல்கலைக்கழகப் படிப்பின் செலவோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகையே. இசை பயின்றோர், ஆங்கில இலக்கியம் பயின்றோர், பள்ளி ஆசிரியர், உணவு விடுதிப் பணியாளர் எனப் பலதிறத்தாரும் வந்து சேர்ந்தனர்.

அவர்களுள் பலர்க்கு வேலை கிடைத்தது என்பதை மறுத்தற்கில்லை. அக்காலத்தில் நிரலாளர்க்குக் கடும் பற்றாக்குறை இருந்தது. 2015ஆம் ஆண்டு மார்ச்சில் அதிபர் ஒபாமா 'டெக்ஹயர்' என்னும் திட்டத்தை அறிவித்தபோது, அந்நாட்டில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட தகவல் தொழில்நுட்பப் பணியிடங்கள் நிரப்பப்படாமல் இருப்பதாகக் கூறி, இப்பாசறைகளையும் ஒரு தீர்வாகச் சுட்டினார். இன்னொன்றையும் மனத்திற் கொள்ளவேண்டும். தொடக்க காலப் பாசறைகளுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பட்டம் பெற்றவர்கள். சில ஆண்டுகள் வேறு பணி செய்து பழகியவர்கள். சேர்க்கைத் தேர்வில் வடிகட்டி எடுக்கப்பட்டவர்கள். பன்னிரண்டு வாரம் அவர்களை ஆக்கியது என்பதைக் காட்டிலும், முன்னரே பதமாக இருந்த மண்ணில் பன்னிரண்டு வாரம் விதைத்தது என்பதே பொருந்தும். விளம்பரம் எழுதியவர்கள் விதைத்ததைச் சொன்னார்கள், மண்ணைச் சொல்லவில்லை.

சரிவும் விரைவிலேயே வந்தது. முதல்வனாகிய டெவ் பூட்கேம்ப் 2017ஆம் ஆண்டு டிசம்பரில் தன் கடைசி அணியை அனுப்பிவிட்டு மூடப்பட்டது. பல நகரங்களில் கிளை பரப்பியிருந்த 'அயர்ன் யார்ட்' என்னும் நிலையமும் அதே ஆண்டில் மூடுவதாக அறிவித்தது. பெயர்பெற்ற பல்கலைக்கழகங்கள் பல தம் பெயரை மட்டும் தந்து, கற்பிக்கும் பொறுப்பை ஒரு தனியார் நிறுவனத்திடம் விட்டிருந்தன. அந்நிறுவனத்தை 2019ஆம் ஆண்டு 'டூயூ' என்னும் குழுமம் 75 கோடி டாலருக்கு வாங்கியது. அக்குழுமம் 2024ஆம் ஆண்டு ஜூலையில் திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் சென்றது. அவ்வாண்டு டிசம்பரில் பாசறைப் படிப்புகளைக் கைவிடுவதாக அறிவித்தது. பல்கலைக்கழகத்தின் முத்திரையைக் கண்டு சேர்ந்தவர்கள், அம்முத்திரைக்குப் பின்னால் இருந்தது பல்கலைக்கழகமன்று என்பதைப் பிறகே அறிந்திருப்பர்.

கடை மூடுவது வணிகத்தில் இயல்பு. அதனினும் நாம் கூர்ந்து நோக்கவேண்டியவை இரண்டு. ஒன்று எண்ணிக்கை, மற்றொன்று ஒப்பந்தம்.

எண்ணிக்கையைப் பார்ப்போம். நியூயார்க்கில் இயங்கிய 'ஃபிளாடயர்ன்' பள்ளி தன் மாணவருள் 98.5 விழுக்காட்டினர் வேலை பெற்றனர் என விளம்பரம் செய்தது. அம்மாநிலத் தலைமை வழக்கறிஞர் ஆராய்ந்தபோது, தொழில் பழகுநர், ஒப்பந்தப் பணியாளர், அவ்வப்போது கூலிக்கு எழுதித் தருவோர் ஆகியோரும் அவ்விழுக்காட்டில் அடங்கியிருந்தமை தெளிவாகச் சொல்லப்படவில்லை என்பது வெளிப்பட்டது. உரிய உரிமம் பெறாமலும் அப்பள்ளி சில காலம் நடந்திருந்தது. 2017ஆம் ஆண்டு அக்டோபரில் 3,75,000 டாலர் செலுத்த உடன்பட்டு அது வழக்கைத் தீர்த்துக்கொண்டது. 98.5 என்னும் எண்ணில் பொய் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். 'வேலை' என்னும் சொல்லுக்கு எழுதியவர் கொண்ட பொருள் ஒன்று, படித்தவர் கொண்ட பொருள் வேறொன்று. உரையாசிரியர் மரபில் வந்த நமக்கு இது புதிய செய்தியன்று. ஒரு சொல்லுக்கு உரை காணாமல் நூற்பாவுக்குப் பொருள் கொள்ளலாகாது என்பதைத்தானே முதலாண்டு வகுப்பிலேயே கற்பிக்கிறோம்!

ஒப்பந்தத்திற்கு வருவோம். 2017ஆம் ஆண்டு தொடங்கிய 'லாம்டா' பள்ளி புதியதொரு வழியைப் பரப்பியது. சேரும்போது கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. ஆண்டுக்கு 50,000 டாலர் அல்லது அதற்கு மேல் ஊதியம் தரும் வேலை கிடைத்த பின், இரண்டாண்டுக் காலம் ஊதியத்தில் 17 விழுக்காட்டைப் பள்ளிக்குச் செலுத்தவேண்டும். மொத்தம் 30,000 டாலரைத் தாண்டாது. இதற்கு வருவாய்ப் பங்கு ஒப்பந்தம் என்று பெயர். 'உங்களுக்கு வேலை கிடைத்தால்தான் எங்களுக்கு வருமானம்' என்னும் கூற்று எவருடைய நெஞ்சையும் தொடக்கூடியது. 50,000 டாலர் ஊதியம் பெறுபவர் இரண்டாண்டில் 17,000 டாலர் செலுத்துவார் என்னும் கணக்கையும் போட்டுப் பார்த்துச் சிலர் சேர்ந்தனர். போடாமலேயும் பலர் சேர்ந்திருப்பர்.

பின்னர் புளூம் தொழில்நுட்ப நிலையம் எனப் பெயர் மாற்றிக்கொண்ட இப்பள்ளியின்மீது அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு வாரியம் 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் பிறப்பித்த ஆணையை நம் மாணவர் ஒவ்வொருவரும் படிக்கவேண்டும் என்பேன். 71 முதல் 86 விழுக்காடு வரை வேலை கிடைப்பதாகப் பள்ளி வெளியில் கூறியது. முதலீட்டாளர்களுக்குக் காட்டிய உள்கணக்கில் அது 50 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. சில அணிகளில் 30 விழுக்காடு வரை தாழ்ந்திருந்தது. ஓர் அணியில் நூற்றுக்கு நூறு வெற்றி என்று பள்ளியின் தலைவர் பெருமையுடன் அறிவித்திருந்தார். அவ்வணியில் கணக்கிற் கொள்ளப்பட்டவர் ஒரே ஒரு மாணவர் என்பதைத் தனிப்பட்ட செய்தியொன்றில் பின்னர் அவரே ஒப்புக்கொண்டிருந்தார். மாணவருக்கு வேலை கிடைத்தாலன்றித் தனக்கு வரவில்லை என்று கூறிய பள்ளி, அவ்வொப்பந்தங்களுள் பலவற்றை மாணவர் வேலை பெறுமுன்னரே முதலீட்டாளர்களுக்கு விற்றுக் காசாக்கியிருந்தது.

இவை எல்லாவற்றையும்விட ஒரு செய்தி எனக்கு முதன்மையாகப் படுகிறது. 'இது கடனன்று' என்று சொல்லப்பட்ட அவ்வொப்பந்தம் கடனே என்று அவ்வாரியம் முடிவு செய்தது. சராசரியாக ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 4,000 டாலர் நிதிக் கட்டணம் அடங்கியிருப்பதாகவும் கணக்கிட்டுக் காட்டியது. ஒரு தவணை தவறினாலும் எஞ்சிய முழுத் தொகையும் உடனே செலுத்தற்குரியதாகிவிடும் என்னும் விதி உள்ளே இருந்தது. இத்தகைய 11,000 ஒப்பந்தங்களுக்குக் குறையாமல் எழுதப்பட்டிருந்தன. அந்நிறுவனம் நுகர்வோர்க்குக் கடன் வழங்கும் தொழிலினின்றும் நிலையாக விலக்கப்பட்டது. அதன் தலைவர் பத்தாண்டுகள் மாணவர் கடன் தொழிலில் ஈடுபடத் தடை விதிக்கப்பட்டது.

நம் சமுதாயத்தைப் பொறுத்தவரை இச்செய்தி வெறும் அயல்நாட்டு வழக்காக நின்றுவிடாது. வட்டியை அஞ்சி வங்கியில் கல்விக்கடன் பெறத் தயங்கும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். 'கடன் இல்லை, வட்டி இல்லை, வேலை கிடைத்த பின் தந்தால் போதும்' என்னும் விளம்பரம் யாரைக் குறிவைத்து எழுதப்பட்டதோ நானறியேன். ஆனால் நம் வீட்டு வாசலில் அது தைக்கும் அளவிற்கு வேறெங்கும் தைக்காது. பங்கு என்றால் ஆகுமானது, வட்டி என்றால் ஆகாதது என்னும் அளவில் மட்டும் மார்க்க அறிவு நின்றுவிட்டால், பெயரை மாற்றிக்கொண்டு வருவது எதுவாயினும் வீட்டினுள் நுழைந்துவிடும். இவ்வொப்பந்தம் கூடுமா கூடாதா எனத் தீர்ப்புரைப்பது ஆலிம் பெருமக்களின் பணி. தமிழாசிரியனாகிய என் பணியன்று. ஆயினும் ஒன்றை மட்டும் நினைவூட்டலாம். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. குறித்த தவணைக்குக் கடன் கொடுத்து வாங்குவோர் அதனை எழுத்தில் பதியவேண்டும், எழுத்தர் நீதியோடு எழுதவேண்டும், சாட்சிகளை நிறுத்தவேண்டும் என்று விரித்துக் கூறும் அல்பகறா அத்தியாயத்தின் 282ஆம் வசனமே அது. கடன்பட்டவர் தாமே எழுதச் சொல்ல இயலாதவராயின் அவருடைய பொறுப்பாளர் முன்னின்று எழுதச் சொல்லவேண்டும் என்றும் அதே வசனம் பணிக்கிறது. இருபத்தொரு வயதுப் பிள்ளை கைப்பேசித் திரையில் ஒரு கட்டத்தைத் தொட்டு 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அறிவிக்கும்போது, அங்கே எழுத்தர் யார்? சாட்சி யார்? பொறுப்பாளர் எங்கே?

அண்மையில் நம் துறையின் பழைய மாணவர் ஒருவர் இத்தகைய ஒப்பந்தத்தின் படியொன்றைக் கொண்டுவந்து காட்டினார். இந்தியாவில் இம்முறை ஏறத்தாழ 2019ஆம் ஆண்டிலிருந்து பரவி வருகிறது. பன்னிரண்டு பக்கம், முழுவதும் ஆங்கிலம். இருவரும் அமர்ந்து ஒரு பிற்பகல் முழுவதும் படித்தோம். நிறுவனத்தின் பெயர் ஈண்டு வேண்டா. 'வேலை' என்பதற்கு அதில் கூறப்பட்ட வரையறையின்படி, நிரல் எழுதும் பணியாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை; குறித்த ஊதியத்தைத் தரும் எப்பணியாயினும் தவணை தொடங்கிவிடும். அதாவது அவர் பயிற்சி முடித்து, அது பயன்படாமல், மாமாவின் துணிக்கடையில் கணக்கெழுதினாலும் செலுத்தவேண்டும். பாதியில் விலகினால் தனித்தொகை. வழக்கென்று வந்தால் வேற்று மாநில நகரொன்றில் நடுவர் முன்னிலையில் தீர்த்துக்கொள்ளவேண்டும். அம்மாணவர் இலக்கணத்தில் நல்ல மதிப்பெண் பெற்றவர். "ஐயா, இது நன்னூலைவிடக் கடினமாக இருக்கிறதே" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குறுகிய காலத் தொழிற்பயிற்சி நம் ஊர்களுக்குப் புதிதன்று என்பதையும் சொல்லவேண்டும். கடைத்தெருவின் மாடியில் தட்டச்சுப் பயிலகம் இல்லாத சிற்றூர் ஒரு காலத்தில் தமிழகத்தில் அரிது. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என விசைப்பலகையைத் தட்டிப் பழகி அரசு அலுவலகங்களில் அமர்ந்தவர்கள் பல்லாயிரவர். அப்பயிலகங்களை எவரும் பாசறை என்று அழைக்கவில்லை. ஆனால் அவற்றில் இருந்த ஒரு காப்பு இன்றைய பாசறைகளில் இல்லை. கற்பித்தவர் பயிலக உரிமையாளர். தேர்வு நடத்தியது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். லோயரா ஹையரா, முதல் வகுப்பா இரண்டாம் வகுப்பா என்பதை உரிமையாளர் தீர்மானிக்க இயலாது. இன்றைய பாசறையிலோ கற்பிப்பவர், தேர்வு நடத்துபவர், சான்றிதழ் வழங்குபவர், வெற்றி விழுக்காட்டை அறிவிப்பவர் ஆகிய நால்வரும் ஒருவரே. அமெரிக்காவில் பாசறைகள் சில 2017ஆம் ஆண்டு கூடி, முடிவுகளை ஒரே அளவுகோலில் அறிவிப்பதற்கு ஒரு பேரவை அமைத்தன. அது விரும்பியவர் மட்டும் சேரும் பேரவை.

தமிழகத்திலேயே வேறொரு முன்மாதிரியும் உண்டு. சோஹோ நிறுவனம் 2005ஆம் ஆண்டு முதல் தன் பயிற்சிப் பள்ளியை நடத்தி வருகிறது. பள்ளிப் படிப்பு முடித்தவர்களை எடுத்து, கட்டணம் பெறாமல், மாத உதவித்தொகையும் தந்து கற்பிக்கிறது. அங்கே பயிற்சிக் காலம் பன்னிரண்டு வாரமன்று, ஏறத்தாழ இரண்டாண்டு. தான் பயிற்றுவித்தவரைத் தானே பணியில் அமர்த்தப்போகும் நிறுவனம் எத்துணைக் காலம் தேவை எனக் கணக்கிடுகிறது, பயிற்சியை மட்டும் விற்கும் நிறுவனம் எத்துணைக் காலம் போதும் என்கிறது என்பதை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

காலமும் மாறிவிட்டது. 2022ஆம் ஆண்டின் இறுதியிலும் 2023ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் மெட்டா 11,000 பேரையும் கூகுளின் தாய் நிறுவனம் 12,000 பேரையும் பணிநீக்கம் செய்வதாக அறிவித்தன. 2025ஆம் ஆண்டு ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் ஏறத்தாழ 12,000 பணியிடங்களைக் குறைக்கப்போவதாகக் கூறியது. 2022ஆம் ஆண்டு நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, பாசறைகளில் இறுதித் திட்டப்பணியாகச் செய்து காட்டப்படும் சிறு செயலியைப் பொறியே நொடிப்பொழுதில் எழுதித் தருகிறது. எனவே இவ்வாயில் முற்றிலும் அடைபட்டுவிட்டது என்பாருமுளர். நான் அவ்வளவு தூரம் செல்லமாட்டேன். பொறி எழுதியதைச் சரிபார்க்க ஆள் வேண்டும். வாடிக்கையாளர் வாயிலிருந்து வரும் தெளிவற்ற சொற்களைப் படிப்படியான கட்டளைகளாகப் பகுத்துத் தரவும் ஆள் வேண்டும். ஆனால் அது பன்னிரண்டு வாரத்தில் வரும் திறனன்று.

இவ்விடத்தில் தமிழ் மாணவரைப் பற்றிச் சில சொற்கள். "தமிழ் படித்தவனுக்குக் கணிப்பொறி எதற்கு?" என்பாரும், "தமிழ் படித்ததால்தான் இந்த நிலை" என்பாரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். புணர்ச்சி விதிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்திப் பார்த்து, பொது விதி எங்கே நிற்கும், சிறப்பு விதி எங்கே குறுக்கிடும் என்று அறிந்தவனுக்கு நிரலின் 'இவ்வாறாயின் இது, இன்றேல் அது' என்னும் அமைப்பு அந்நியமன்று. ஏட்டுச்சுவடிகளின் பாடவேறுபாடுகளை ஒப்புநோக்கிய பதிப்பாசிரியர் பணிக்கும் நிரற்படிகளை ஒப்புநோக்கும் 'கிட்' கருவியின் பணிக்கும் உறவு உண்டு. நம் முன்னோர் அரபு எழுத்துக்களில் தமிழை எழுத முற்பட்டபோது, அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கெனப் புள்ளியிட்டுப் புதிய எழுத்துக்களை அமைத்தனர். அரபுத் தமிழ் என வழங்கும் அவ்வேற்பாடும் ஒரு குறியீட்டுப் பணிதான். 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ் 99 விசைப்பலகை வகுக்கப்பட்டபோது, எந்த எழுத்து எந்த விரலுக்கு என்று தீர்மானிக்கத் தமிழறிவும் தேவைப்பட்டது.

இதனை மிகைப்படுத்தவும் கூடாது. இலக்கணம் அறிந்தவர் எல்லாரும் நிரலாளர் ஆகிவிடுவர் என்று மேடையில் முழங்குவது, அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்துதான் அல்காரிதம் என்னும் சொல் பிறந்தது என்று மீலாது விழாத்தோறும் பெருமை பேசுவது போன்றதே. செய்தி உண்மைதான். ஆனால் ஒன்பதாம் நூற்றாண்டுப் பாக்தாதின் பெருமை நம் மாணவருக்கு ஒரு வரி நிரலையும் எழுதித் தராது. நம் மாணவருக்கு இருக்கும் குறைகள் இரண்டு: பத்தாம் வகுப்போடு கணிதத்தை விட்டுவிட்டது; ஆங்கிலத்தில் எழுதப்பட்ட தொழில்நுட்பக் குறிப்பைத் தானே படித்தறியும் பயிற்சி இல்லாதது. இவ்விரண்டையும் பணம் கட்டிப் பாசறையில் சேர்ந்த பின் சரிசெய்ய முயல்வோர் நான்காவது வாரத்திலேயே பின்தங்கிவிடுவர். கட்டணமின்றி இணையத்தில் கிடைக்கும் அடிப்படைப் பாடங்களை மூன்று மாதம் நாள்தோறும் ஒரு மணி நேரம் கற்று, மனம் அதில் நிலைக்கிறதா என்று பார்த்த பின்னரே ஒருவர் பணத்தைப் பற்றிப் பேசவேண்டும். மூன்று மாதம் தனியே நிற்க இயலாத மனம் பன்னிரண்டு வாரப் பாசறையில் நிற்கும் என்பதற்கு உறுதி இல்லை.

இனி வீட்டைப் பற்றி. நம் துறையில் பயில்வோருள் மாணவியர் பலர். இணையவழிப் பாசறைகள் 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக்குப் பின் பெருகியபோது, வெளியூர் செல்ல இயலாத பெண்களுக்கு இது வாய்ப்பு என்று நாமெல்லாம் மகிழ்ந்தோம். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் திரை முன் அமர்வது என்றால் என்ன என்று யாரும் எண்ணவில்லை. ஓர் அறையும் ஒரு கூடமும் உள்ள வீடு, தம்பி தங்கையர், காலையில் சமையல், மாலையில் விருந்தினர், இடையில் மின்தடை. ஆண்பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டால் 'படிக்கிறான்' என்போம். பெண்பிள்ளை சாத்திக்கொண்டால் 'என்ன செய்கிறாள்?' என்று கேட்போம். பாசறைக்குச் செல்பவனை வழியனுப்பும் வீட்டை நம் இலக்கியம் அறியும். வீட்டிற்குள்ளேயே பாசறை அமைத்துக்கொண்டு, அதே நேரத்தில் வீட்டையும் காக்கவேண்டிய பெண்ணை அது அறியாது. இங்கே அவளுக்கு முதலில் தேவைப்படுவது நிரல் மொழியன்று. சாத்திக்கொள்ள ஒரு கதவு.

சமுதாயப் பெரியோர்களிடம் வேண்டுவது இதுதான். நம் பைத்துல்மால்களும் கல்வி அறக்கட்டளைகளும் மூன்றாண்டுப் பட்டப் படிப்புக்கு உதவுகின்றன. பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் மனமுவந்து உதவுகின்றன. பட்டம் பெற்ற பின், ஆறு மாதத் தொழிற்பயிற்சிக்கு உதவி கேட்டு வரும் பிள்ளையை 'இதற்கு விதி இல்லை' என்று திருப்பி அனுப்புகின்றன. அப்பிள்ளை நேரே வருவாய்ப் பங்கு ஒப்பந்தத்திடம் செல்கிறது. வட்டியில்லாமல், ஆதாயம் எதுவும் கருதாமல் தருகின்ற அழகிய கடன் என்னும் வழியை மார்க்கம் நமக்குத் திறந்து வைத்துள்ளது. கடன்பட்டவர் இடர்ப்பாட்டில் இருந்தால் வசதி வரும்வரை காத்திருக்கவேண்டும் என்பதும், ஜகாத்தைப் பெறத்தக்க எட்டு வகையினருள் கடனில் மூழ்கியவரும் ஒருவர் என்பதும் நாம் அறிந்தவையே. ஏற்கெனவே சிக்கிக்கொண்டவர்களுக்கும் அவ்வாயில் திறந்திருக்கவேண்டும். கட்டணம் மட்டும் போதாது. வேலையை விட்டுவிட்டுப் பயிற்சிக்கு வரும் குடும்பத் தலைவனுக்கு நான்கு மாத வீட்டுச் செலவு யார் தருவது என்பதே பெரும்பாலும் முடிச்சு. பாதிக் கட்டணமும் நான்கு மாத அரிசியும் சேர்ந்ததுதான் முழு உதவி.

கல்லூரி செய்யத்தக்கது செலவில்லாதது. கோடை விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் கணிப்பொறிக் கூடத்தைப் பழைய மாணவ மாணவியர்க்குத் திறந்துவிடலாம். முற்பகல் மாணவியர்க்கு, பிற்பகல் மாணவர்க்கு. ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் அதனைத் துறைக்குக் கொண்டுவந்தால், ஆங்கிலத்துறை ஆசிரியர் ஒருவரும் வணிகவியல்துறை ஆசிரியர் ஒருவரும் உடனிருந்து படித்துச் சொல்லலாம். ஊரில் உள்ள வழக்கறிஞர்களும் மறுக்கமாட்டார்கள்.

இன்னும் ஒன்று, நம் துறை தானே செய்யக்கூடியது. பாசறைகளின் வெற்றி விழுக்காட்டை நாம் நம்பவும் வேண்டா, பழிக்கவும் வேண்டா, நாமே எண்ணுவோம். ஒரு கெட்டி அட்டைக் குறிப்பேடு போதும். எந்த ஆண்டு மாணவர், எந்தப் பயிற்சியில் சேர்ந்தார், மொத்தம் எவ்வளவு செலவாயிற்று, முடித்தாரா இடையில் விட்டாரா, ஆறு மாதம் கழித்து என்ன பணி செய்கிறார், என்ன ஊதியம் என்னும் ஆறு கட்டங்கள். பெயர் வெளியிட வேண்டியதில்லை. இப்போதைக்கு என் நினைவிலிருந்தும் நண்பர்கள் நினைவிலிருந்தும் பதினொரு பேரைக் குறித்திருக்கிறேன்; அவர்களுள் நால்வர்க்கு ஊதியக் கட்டம் இன்னும் வெற்றிடமாக உள்ளது. இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர்கள் துறைத்தலைவருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினாலும் போதும், நிரப்பிக்கொள்வோம்.